சீனத்தில் கைச்சைகைக்கு என்ன சொல்? ஷோவ்ஷியா, பிஹுவாவா?

“எட்டு மாதமாகச் சீன மொழி படிக்கிறேன். கையால் காட்டும் சைகைக்கு அகராதியில் ‘ஷோவ்ஷி’ என்று போட்டிருக்கிறது. ஆனால் என் ஆசிரியை அந்தச் சொல்லைப் பேச்சில் எடுப்பதே இல்லை. நான் ஏதாவது ஒரு சொல் தெரியாமல் விழித்தால் ‘பிஹுவா பிஹுவா’ என்கிறார். இரண்டும் ஒன்றுதானா? ஷோவ்ஷி என்ற சொல் எத்தனை முறை எழுதிப் பார்த்தாலும் மனத்தில் நிற்கவில்லை. வழி உண்டா?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டும் ஒன்றல்ல. ஷோவ்ஷி என்பது சைகை, பெயர்ச்சொல். பிஹுவா என்பது கையை அசைத்துக் காட்டுவது, காற்றில் வரைந்து காட்டுவது, வினைச்சொல். மனத்தில் நிற்காததற்குக் காரணம், அகராதியிலிருந்து பெயர்ச்சொல்லை மட்டும் பிய்த்துக்கொண்டு வந்ததுதான் என்று நினைக்கிறேன். சீனர் வாயில் இந்தச் சொல் பெரும்பாலும் ஒரு வினையோடு ஒட்டிக்கொண்டே வரும். அந்த வினையோ தமிழருக்கு நன்றாகப் பழகியது. அதற்குப் பிறகு வருகிறேன்.

சொல்லில் இரண்டு எழுத்துகள். முதல் எழுத்து ‘ஷோவ்’, கை. நான்கே கோடுகள், விரல் விரித்த கையின் படமாகப் பிறந்த எழுத்து. அதை நீங்கள் முதல் வாரத்திலேயே படித்திருப்பீர்கள். தொல்லை இரண்டாவதில்தான். ‘ஷி’ என்ற அந்த எழுத்துக்கு எட்டுக் கோடுகள். கீழ்ப்பாதியில் ‘வலிமை’ என்ற எழுத்து உட்கார்ந்திருக்கிறது. அகராதியில் அதற்குச் செல்வாக்கு, போக்கு, நிலை, தோரணை என்று வரிசையாகப் பொருள் கொடுத்திருப்பார்கள். ஒன்றுக்கொன்று உறவில்லாததுபோல் தோன்றும். சுன் ட்சுவின் போர்க்கலை நூலில் ஐந்தாம் அதிகாரத்துக்கு இந்த எழுத்துதான் தலைப்பு. உயர்ந்த மலையிலிருந்து உருட்டிவிட்ட உருண்டைக் கல்லை அங்கே அவர் உவமையாகச் சொல்கிறார். கல் உருள்வதற்கு முன்பே, அது இருக்கும் இடத்திலும் அதன் வடிவத்திலும் தேங்கிக் கிடக்கும் விசை இருக்கிறதே, அதுதான் ஷி. அரசியல் நிலவரம், சந்தைப் போக்கு, ஆட்டத்தில் ஒருவருக்கு இருக்கும் மேல்கை, உடம்பை வைத்துக்கொள்ளும் தோரணை ஆகிய எல்லாவற்றுக்குமான சீனச் சொற்களில் இந்த ஷி வரும். ஆகவே ஷோவ்ஷியை ‘கையின் தோரணை’ என்று வைத்துக்கொள்ளுங்கள். போக்குவரத்துக் காவலர் உள்ளங்கையை உயர்த்தி நிற்கும்போது அந்தக் கை அசையவே இல்லை. ஆனாலும் லாரி நின்றுவிடுகிறது. சீனாவில் அந்தக் காவலர்களின் கைச்சைகைகள் மொத்தம் எட்டு. 2007 அக்டோபர் முதல் இதுதான் கணக்கு, ஓட்டுநர் தேர்விலும் கேட்பார்கள். அவற்றின் அதிகாரப்பூர்வப் பெயரிலும் ஷோவ்ஷிதான் இருக்கிறது.

இனி உச்சரிப்பு. தமிழ் எழுத்தில் ‘ஷி’ என்று எழுதியிருக்கிறேனே தவிர, அதில் இகரம் கிடையாது. நாக்கு நுனியை மேலே மடித்து ‘ஷ்’ என்று தொடங்கி, நாக்கை இறக்காமல், ‘ழ்’ சொல்லும் இடத்திலேயே வைத்துக் குரலை மட்டும் விடுங்கள். ‘ஷ்ழ்’. ழகரம் ஒழுங்காக வருகிறவர்களுக்கு இது பிறவிச் சொத்து. மற்ற மொழிக்காரர்கள் மாதக்கணக்கில் இதற்குத் தவம் கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். சுரம், அதாவது பொருளையே மாற்றிவிடும் குரலின் ஏற்ற இறக்கம், இப்படி: ‘ஷோவ்’ மூன்றாம் சுரம், அரைத் தூக்கத்தில் ‘ம்ம்’ கொட்டும்போது குரல் அடியில் கிடக்குமே, அங்கே. ‘ஷி’ நான்காம் சுரம், எரிச்சலில் ‘ச்சீ!’ என்கிறோமே, அந்த வெட்டு. அடியில் கிடந்து, உயரத்துக்கு எம்பி, விழ வேண்டும்.

அந்த ‘ழ்’ ஒலியைச் சரியாகப் பிடிக்காததால் எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். குவாங்சோவுக்குச் சரக்கெடுக்கப் போக ஆரம்பித்த புதிது. மொத்த விற்பனைச் சந்தை ஒன்றில், கைபேசி உறைகள் தோரணம்போல் தொங்கும் ஒரு கடை. ஒன்றைத் தொட்டுக் காட்டி விலை கேட்டேன். கடைக்காரப் பெண்ணின் வாயில் பேனா மூடி, பேச முடியாது. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றின் நுனிகளையும் ஒன்றாகக் குவித்து முகத்துக்கு நேராக உயர்த்திக் காட்டினார். நம் ஊரில் பந்தியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு விரல்களைக் குவித்துக் காட்டினால் என்ன பொருள்? “சாப்பிட்டாயிற்றா?” என்பதுதான். சீனர்களும் பார்த்தவுடன் சாப்பிட்டீர்களா என்று கேட்பது வழக்கம் என்று படித்திருந்தேன். அந்தக் கடைக்கார அம்மா எவ்வளவு நல்லவர் என்று உருகிப்போய், சாப்பிட்டேன் என்று சொல்ல “ச்சி ல” என்றேன். அவர் தலையாட்டிவிட்டு நூறு உறைகளை எண்ணிக் கட்ட ஆரம்பித்துவிட்டார். அந்தக் குவிந்த விரல்கள் சீனத்தில் ஏழு. சாப்பிடுவதற்கும் ஏழுக்கும் சுரம் ஒன்றே. சாப்பிடுவதில் நாக்கு ‘ழ்’ இடத்தில் மடிந்திருக்க வேண்டும். ஏழில்தான் உண்மையான இகரம். நான் சொன்னது இகரத்தோடு. ஏழு யுவானுக்கு நான் சம்மதித்துவிட்டதாக அவர் எடுத்துக்கொண்டதில் தவறே இல்லை. ஐந்துக்குப் பேசியிருக்கலாம்.

அந்த எண் சைகைகளை நீங்கள் இப்போதே படித்துவிடுங்கள். ஷோவ்ஷி என்ற சொல் அடிக்கடி அடிபடும் இடம் அதுதான். ஐந்து வரை நம்மைப்போலத்தான். ஆறுக்குக் கட்டைவிரலும் சுண்டுவிரலும் நீட்ட வேண்டும். ஏழு என் அனுபவத்தில் வந்த குவிந்த விரல்கள். எட்டுக்குச் சிறுவர்கள் துப்பாக்கி காட்டுவதுபோல் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும். சீன எழுத்தில் எட்டு என்பது இரண்டு பக்கமும் சரிந்து விலகும் இரண்டு கோடுகள், அதன் சாயல். ஒன்பதுக்கு ஆள்காட்டி விரலைக் கொக்கியாக வளைக்க வேண்டும். பத்துக்கு இரண்டு ஆள்காட்டி விரல்களையும் சிலுவையாக வைத்தால் பத்து என்ற எழுத்தே வந்துவிடும். சில இடங்களில் முஷ்டியை மட்டும் காட்டுவார்கள். இது சீனா முழுக்க ஒரே சீராக இருக்கிறது என்று நம்பிவிடாதீர்கள். தைவானில் அந்தத் துப்பாக்கி ஏழு. இரண்டு இடத்திலும் கொள்முதல் செய்கிறவர்கள் விரலை மட்டும் நம்பாமல் கணக்குப்பொறியில் தட்டிக் காட்டச் சொல்வது நல்லது.

வட சீனத்துக் கால்நடைச் சந்தைகளில் தரகர்கள் நீளமான சட்டைக் கைக்குள் ஒருவர் கையை ஒருவர் பிடித்து, பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியாமல் விலை பேசுவார்கள். நம் மாட்டுச் சந்தையில் துண்டைப் போர்த்திக்கொண்டு விரலைப் பிடித்துப் பேசுவதை நேரில் பார்த்தவர்களுக்கு விளக்கம் வேண்டியதில்லை. அங்கே பழகுநர்களுக்கு ஒரு வாய்ப்பாடு உண்டு: கிள்ளினால் ஏழு, கவையாகப் பிரித்தால் எட்டு, கொக்கி போட்டால் ஒன்பது. அந்த வாய்ப்பாடு உங்களுக்கும் உதவும்.

இப்போது அந்த வினை. சைகை செய்வதற்குச் சீனத்தில் ‘தா ஷோவ்ஷி’ என்பார்கள். ‘தா’ என்றால் அடி. ஆம், சைகையை ‘அடிக்கிறார்கள்’. ஆங்கிலம் வழியாகச் சீனம் படிக்கிறவர்கள் இங்கே புருவத்தை உயர்த்துவார்கள். நாம் உயர்த்த வேண்டியதில்லை. நாம் வெள்ளையடிக்கிறோம், நீச்சலடிக்கிறோம், அரட்டை அடிக்கிறோம், காப்பியடிக்கிறோம். சைகையிலேயே ஒன்றான கண்ணடிப்பதையும் அடிக்கத்தான் செய்கிறோம். யாருக்கும் வலிப்பதில்லை. சீனரும் அப்படியே: தொலைபேசியை அடிப்பார்கள், குடையை அடிப்பார்கள், கம்பளிச் சட்டையை அடிப்பார்கள் (பின்னுவதுதான்), கொட்டாவியைக்கூட அடிப்பார்கள். உங்கள் குறிப்பேட்டில் ஷோவ்ஷியை அடித்துவிட்டுத் தா ஷோவ்ஷி என்று எழுதிக்கொள்ளுங்கள். தகரம், கொடு என்ற பொருளில் வரும் நம் ‘தா’வில் உள்ளதேதான். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: தா, ஷோவ் இரண்டுமே மூன்றாம் சுரம். இரண்டு மூன்றாம் சுரங்கள் அடுத்தடுத்து வந்தால் முதலாவது இரண்டாம் சுரமாக மாறி மேலே ஏறும். ‘என்ன?’ என்று கேட்கும்போது குரல் ஏறுமே, அப்படித் ‘தா?’ என்று ஏற்றி, ‘ஷோவ்’ என்று படுத்து, ‘ஷி!’ என்று வெட்டுங்கள். மூன்று அசையில் ஒரு மலைப்பாதையே வந்துவிடும்.

செய் என்ற பொருளுள்ள ‘ட்ஸுவோ’ என்ற வினையையும் இதோடு சேர்க்கலாம், பிழையில்லை. ஆனால் புதியவர்களுக்கு நான் அதைச் சிபாரிசு செய்வதில்லை. அறுவைச் சிகிச்சைக்குச் சீனச் சொல் ‘ஷோவ்ஷு’. சுரம் இரண்டும் அப்படியே. கடைசியில் உதடு குவிந்தால் அறுவை, குவியாவிட்டால் சைகை. அந்த ‘ழ்’ ஒலிக்காகப் பாடுபடும்போது நம்மவர்களுக்கு உதடு தானாகக் குவிந்துவிடுகிறது. ‘ட்ஸுவோ’ இரண்டோடும் சேரும் என்பதால், “மேலாளர் எனக்குச் சைகை செய்தார்” என்று சொல்லப்போய் அவர் கையில் கத்தியைக் கொடுத்துவிடுவீர்கள். தா போட்டுவிட்டால் இந்த ஆபத்து இல்லை. அறுவைச் சிகிச்சையை யாரும் ‘அடிப்பது’ இல்லை. இன்னொரு ஒலியொற்றுமை நகை. நகைக்கான சொல்லும் ஷோவ்ஷிதான், அதில் முதல் எழுத்து கை அல்ல, தலை. பழங்காலத்தில் தலையணிகளைக் குறித்த சொல். தரமான உச்சரிப்பில் அதன் இரண்டாம் அசை சுரமில்லாமல் மெலிந்துவிடும். ஆனால் வேகமான பேச்சில் இடத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடியும்.

இந்தச் சொல் பழைய வரலாற்று நூல்களிலும் அகப்படுகிறது. 10ஆம் நூற்றாண்டின் நடுவில், ஐந்து வம்சங்கள் என்று அழைக்கப்படும் குழப்பக் காலத்தில் நடந்த ஒரு விருந்து. மது ஏறியவுடன் ‘ஷோவ்ஷி லிங்’ என்ற சைகை ஆட்டத்தைத் தொடங்கினார்கள். தவறு செய்தவர் குடிக்க வேண்டும். ஷி ஹொங்ஜாவ் என்ற தளபதிக்கு ஆட்டம் தெரியாது. பக்கத்தில் இருந்த யன் என்ற குடும்பப் பெயருள்ள அதிகாரி திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுத்தார். அமைச்சர் சு ஃபெங்ஜி சும்மா இருக்காமல், “பக்கத்தில் ஒரு யன் இருக்கும்போது தண்டனைக் கோப்பைக்கு என்ன பயம்?” என்று கிண்டலடித்தார். தளபதியின் மனைவியும் யன் குடும்பத்தவர். முன்பு மதுக்கடையில் இருந்தவர். தன் மனைவியைத்தான் குத்துகிறார் என்று தளபதி கொதித்தெழுந்து வாய்க்கு வந்தபடி ஏசி, அடிக்கப் பாய்ந்தார். அமைச்சர் நழுவி ஓடினார். தளபதி வாளைக் கேட்டுத் துரத்தப் போக, இன்னொருவர் அழுது தடுக்க வேண்டியிருந்தது. ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய ஷோவ்ஷி இப்படிக் கலவரத்தோடு பதிவாகியிருக்கிறது. எனக்கு இந்தச் சொல் மறக்காமல் இருப்பதற்கு இந்தத் தளபதியும் ஒரு காரணம். இன்றைக்கும் சீன விருந்துகளில் இருவர் விரல்களை நீட்டிக்கொண்டே கூட்டுத்தொகையைக் கத்திச் சொல்லும் ஆட்டம் உண்டு. அதன் பெயர் ‘ஹுவாச்சுவன்’. பக்கத்து மேசைக்காரர்கள் சண்டை போடுகிறார்கள் என்று முதல் முறை எழுந்து நின்றவன் நான்.

பரதம் படித்த ஒருவர் நாட்டிய முத்திரையை ஷோவ்ஷி என்று சொல்லலாமா என்று ஒருமுறை என்னிடம் கேட்டார். சொல்லலாம், புரியும். ஆனால் அதற்குச் சீனத்தில் ஒரு தனிச்சொல் இருக்கிறது: ‘ஷோவ்யின்’. யின் என்றால் முத்திரை, அதாவது சாட்சாத் ரப்பர் முத்திரை, அரச முத்திரை. பௌத்த நூல்களை மொழிபெயர்த்தவர்கள் வடமொழி ‘முத்ரா’வை இப்படிப் பொருள்பெயர்த்தார்கள். தமிழில் ஒரே சொல் தபால் முத்திரைக்கும் நாட்டிய முத்திரைக்கும் நிற்கிறது. சீனத்திலும் அப்படியே நிற்கிறது. 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென்னிந்தியாவிலிருந்து கடல்வழியாகச் சீனா சென்று, மந்திரமும் முத்திரையும் கலந்த பௌத்த வழிபாட்டு நூல்களை மொழிபெயர்த்தவர்களில் ஒருவர் வஜ்ரபோதி. காஞ்சிப் பல்லவ அரசரோடு அவருக்கிருந்த தொடர்பையும் சீன வரலாற்றுக் குறிப்புகள் சொல்கின்றன. பத்திரத்தில் கைநாட்டு வைக்கிறோமே, அந்த விரல்ரேகைப் பதிவுக்கும் சீனத்தில் ஷோவ்யின்தான். கோயில் சிலையின் கையை விளக்கும் பலகையிலும் கடன் பத்திரத்திலும் ஒரே சொல்லைப் பார்த்தால் குழம்ப வேண்டாம்.

காது கேளாதோர் பேசும் சைகைமொழியை மட்டும் ஷோவ்ஷி என்று சொல்லிவிடாதீர்கள். தமிழில் சைகை, சைகைமொழி என்று ஒட்டியே வருவதால் நமக்கு இந்த வழுக்கல் எளிது. அது ‘ஷோவ்யு’, கைமொழி; இலக்கணமுள்ள தனி மொழி. சீனாவில் காது கேளாதோருக்கான முதல் பள்ளி 1887இல் ஷான்துங் மாகாணத்தில் தொடங்கியது. நாடு முழுவதற்குமான பொதுச் சைகைச் சொல் பட்டியல் நடைமுறைக்கு வந்தது 2018 ஜூலையில். தைவானின் கைமொழி இதிலிருந்து வேறு. அது ஜப்பானியக் கைமொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது.

அன்றாடத்தில் சீனர்கள் பொதுவாகச் ‘சைகை’ என்று சொல்வதைவிட இன்ன சைகை என்று சொல்வதே அதிகம். கூப்பிடக் கையாட்டினால் ‘ஜாவ்ஷோவ்’, வேண்டாம் என்று கையாட்டினால் ‘பைஷோவ்’, வழியனுப்பக் கையாட்டினால் ‘ஹுய்ஷோவ்’. நமக்கு மூன்றும் கையாட்டுவதுதான். கூப்பிடும்போது உள்ளங்கை கீழே பார்க்க விரல்களை அசைப்பது நம் ஊரிலும் உண்டு என்பதால் அங்கே தடுமாற்றம் இல்லை. தடுமாற்றம் வேறொன்றில்: ‘நான்’ என்று காட்ட நாம் நெஞ்சைத் தொடுவோம், சீனர்கள் பலர் மூக்கைச் சுட்டுவார்கள். முதன்முதலில் பார்த்தபோது அவருக்கு ஜலதோஷம் என்று நினைத்தேன். ‘தான்’ என்ற பொருளுள்ள சீன எழுத்து ஆதியில் ஒரு மூக்கின் படம் என்பதைப் பிறகுதான் படித்தேன்.

இனி உங்கள் ஆசிரியை. பிஹுவாவில் ‘பி’ என்பது ஒப்பிடு, ‘ஹுவா’ என்பது கீறு. பிள்ளையில் வரும் பகரத்தோடு, இரண்டாம் அசையை மெலிதாக விட்டுச் சொல்லுங்கள். மீன் இவ்வளவு பெரிது என்று இரண்டு கையையும் விரித்துக் காட்டுவது பிஹுவா. வார்த்தை கிடைக்காமல் திருகாணியைக் காற்றில் திருகிக் காட்டுவதும் பிஹுவா. அதற்குக் கட்டாயமான வடிவம் இல்லை. ஷோவ்ஷிக்கு உண்டு: ஆறு என்றால் எல்லோருக்கும் அதே இரண்டு விரல். சீன வினையை இரட்டித்தால் ‘கொஞ்சம் செய்து பாருங்கள்’ என்ற மென்மை வந்துவிடும். ஆகவே சொல் மறந்து விழிக்கும் மாணவரிடம் ஆசிரியை பிஹுவா பிஹுவா என்றால், “பரவாயில்லை, கையால் காட்டுங்கள், நான் சொல்லித்தருகிறேன்” என்று பொருள். தாராளமாகக் காட்டுங்கள். ஆனால் அதே தொடரை வெளியே, குறிப்பாக வட சீனத்து ஆண்களிடம், நீங்களாகச் சொல்ல வேண்டாம். “நாம் இரண்டு பேரும் பிஹுவா பிஹுவா” என்றால், சட்டைக் கையை மடித்துக்கொண்டு வா, ஒரு கை பார்த்துவிடலாம் என்று அர்த்தம்.